எர்ல் என்கிற ரோசலி

காப்பிக் கோப்பையை மேசையில் வைத்த கையோடு, “ஒம்பது. நாலு மணிப் பக்கம் ஒதுங்கிடுச்சு” என்கிறார் ரோசலி ஹுடாக். பார்த்தால், கோப்பை தட்டின் நடுவில் உட்காராமல் வலது கீழ் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. முட்டை ஓட்டைக் குப்பைக் கூடையில் எறிந்தால் “பத்து!” சாவியை ஆணியில் மாட்டப் போய்த் தவறவிட்டால் “அஞ்சு. ஆறு மணி. அவசரப்பட்டுட்டேன்.” யாரும் கேட்கவில்லை. அவரும் யாருக்காகவும் சொல்லவில்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது.

பழக்கிவிட்டது ஷேடி ரன் துப்பாக்கிக் கழகம். மேற்கு பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகளுக்கு நடுவே, பழைய உலகப்போர்த் துப்பாக்கிகளை மட்டும் வைத்துப் போட்டி நடத்துகிற கூட்டம் அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. விசையை இழுத்த மறுகணமே, இலக்கு அட்டை பதில் சொல்வதற்கு முன்னால், தோட்டா எங்கே போய்ப் பட்டிருக்கும் என்று சுட்டவரே சொல்லிவிட வேண்டும். எத்தனை புள்ளி, கடிகாரத்தில் எந்த மணிப் பக்கம், அவ்வளவுதான். தப்பாகிவிட்டால் மானம் போகுமே என்று மற்றவர்கள் மீசைக்குள்ளேயே முணுமுணுப்பார்கள். ரோசலி மலைக்கே கேட்கிற மாதிரி சொல்வார். பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும்.

தொழில் முடிவெட்டுவது. வீட்டு முன்னறையில் ஒரே ஒரு நாற்காலி, ஒரே ஒரு கண்ணாடி. கழகத்தில் பாதிப் பேருடைய தலை அவர் கைக்குள்தான். அறுபதைத் தாண்டிய ஆம்பிளைகளெல்லாம் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அடங்கி உட்கார்ந்திருப்பார்கள். கழகத்தலைவர் டெல்மர் ஒருமுறை, “பின்னாடி கொஞ்சம் அதிகமா எடுத்துட்டியோ?” என்று வாயைத் திறந்தார்.

“பதினொரு மணிப் பக்கம் உனக்கு முடியே இல்ல டெல்மர். அதுக்கு நான் பொறுப்பில்ல. ஆடாம இரு.”

நகங்களுக்கு எப்போதும் கத்திரிப்பூ நிறச் சாயம். அழகுக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கேரண்ட் என்கிற அவருடைய பழைய போர்த் துப்பாக்கிக்கு ஒரு கெட்ட குணம். தோட்டாவை அழுத்திவிட்டு விரலை எடுக்கச் சற்றே தாமதித்தால், இரும்பு பாய்ந்து வந்து கட்டைவிரலைக் கடித்துவிடும். போரில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்த பையனையும் கடித்திருக்கும். ரோசலியின் வலது கட்டைவிரல் நகம் அப்படிக் கறுத்துப்போனதுதான். தலையைக் கொடுக்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்று மற்ற ஒன்பதையும் அதற்குத் தோதாகத் தீட்டிவிடுகிறார். அந்தத் துப்பாக்கியின் மேல் ஆளுக்குக் கோபமே கிடையாது. “அதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. கடிக்கட்டும்” என்பார்.

எர்ல் கதையையும் சொல்லிவிட வேண்டும். போட்டிக்குப் போடுகிற தடித்த தோல்கோட்டை யார் வீட்டு வாசலிலோ பழைய சாமான் விற்றபோது வாங்கினார். மார்பில் ‘எர்ல்’ என்று ஓர் ஆம்பிளைப் பெயர் மஞ்சள் நூலில் தைத்திருந்தது. பிரித்தால் தோல் கிழியும் என்று அப்படியே விட்டார். அந்த எர்ல் யார், இருக்கிறாரா, போய்விட்டாரா, ஒருவருக்கும் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டு, “எர்ல், கொஞ்சம் நகருங்க” என்பார்கள். நாளடைவில் பழையவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இப்போது கழகத்தில் யாராவது “ரோசலி” என்று கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புகிறார்.

அவர் தம்பி சிரில் மட்டும் “அக்கா” என்பார். சொல்கிற தொனியில் மரியாதை இருக்கிறதா என்று தேடாதீர்கள். சோபா விற்கிற கடையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மண்ணில் படுத்துச் சுடுகிற போட்டிக்கும் இஸ்திரி போட்ட பேண்ட்தான். மடிப்பில் விரலை வைத்தால் வெட்டும். ஆனால் ஆள் சூரன். பல வருடமாக அக்டோபர் கடைசிப் போட்டி அவருடையதுதான். இரண்டாமிடம் அக்காவுடையது. கழகச் சுவரில் துப்பாக்கியின் உடைந்த மரக்கட்டை ஒன்று மாட்டியிருக்கிறது. ஜெயித்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் அடித்து அதில் பதிப்பார்கள். சிரில், சிரில், சிரில் என்று அது முழுக்க அவர் பெயர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்தில், முட்டைக்கோஸ் நூடுல்ஸ் தட்டு கைமாறும்போதெல்லாம் அவர் அந்தத் தகடுகளைப் பற்றிப் பேசாமல் விட்டதில்லை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்” என்று ரோசலி டெல்மரிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். “ஒரே ஒரு தகடு. அதுல என் பேரு. அப்புறம் நான் துப்பாக்கியை வித்துட்டுப் பூச்செடி வச்சுக்கிட்டாலும் வச்சுக்குவேன்.”

“தகட்டுல எர்ல்னு அடிச்சிரட்டுமா?”

“அடி. மறுநாள் உன் தலைல இருக்கிற நாலு முடியும் இருக்காது.”

இன்னொரு பொருளைப் பற்றியும் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். இலக்குகளுக்கு அடியில் ஒரு பள்ளம். ஒரு கட்சி சுடும்போது மறு கட்சி அதற்குள் நின்று அட்டையை இறக்கி, ஓட்டையில் ஒரு தட்டைச் செருகி, மேலே ஏற்றிக் காட்டும். அட்டையிலேயே படாமல் போனால் ஒரு கம்பில் சிவப்புத் துணியை ஆட்டுவார்கள். எல்லா ஊரிலும் அதற்கு மேகியின் உள்ளாடை என்று பெயர். ஷேடி ரன்னில் அது நிஜமாகவே உள்ளாடை. முழங்கால் வரை தொங்குகிற சிவப்பு ஃபிளானல் துணி, இடுப்பில் நாடா. இலக்கைத் தவறவிட்டால் ஆட்டுவதோடு சரி. பக்கத்து ஆளுடைய இலக்கில் சுட்டுவைத்தால் மட்டும் கம்பிலிருந்து கழற்றி வந்து அந்த மகானுக்கே மாட்டிவிடுவார்கள். போட்டி முடிகிறவரை கழற்றக்கூடாது. பழையது நைந்து போனபோது புதிதாகத் தைத்துக் கொடுத்தவர் ரோசலி. “யாருக்கு இவ்ளோ பெரிய இடுப்பு?” என்று எல்லாரும் கேட்டார்கள். “இருக்கட்டும், ஆகும்” என்று மட்டும் சொன்னார். சிரிலின் அளவு அது. தம்பியின் பழைய பேண்ட்டை வைத்து வெட்டியது என்பது டெல்மருக்கு மட்டும் தெரியும்.

போன அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். மேப்பிள் இலைகளெல்லாம் சிவந்து உதிர்கிற நேரம். முந்தின நாள்தான் சிரில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு போயிருந்தார். “தகட்டோட நின்னு போட்டோ எடுக்கணும்ல” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். காதை அறுக்காமல் விட்டதே அக்காவின் பெருந்தன்மை.

கடைசிச் சுற்று, நின்றபடி சுடுவது. இருநூறு கெஜம். ஐந்தாம் எண்ணில் அக்கா, ஆறில் தம்பி, நடுவே ஒரு கை தூரம். ஒவ்வொருவருக்கும் ஒரே தோட்டா பாக்கி. சிரில் ஏழு புள்ளி முன்னால் இருந்தார். அட்டையின் ஓரத்தைத் தொட்டால் கூட அவருக்குப் போதும். ரோசலி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வருடமும் போச்சு.

சிரில் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். வைத்தவர் சும்மா சுட்டுத் தொலைக்கக் கூடாதா? மறுபடி இறக்கி, அக்கா பக்கம் திரும்பி, அந்த இஸ்திரிச் சிரிப்பைச் சிரித்தார்.

“அக்கா, பூச்செடி விதை எதுவும் வாங்கித் தரவா?”

“முன்னாடி பாத்துச் சுடுடா.”

ரோசலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே விசையை இழுத்தார். அதே நொடியில் சிரிலும் திரும்பிச் சுட்டார். இரண்டு வெடியும் ஒன்றாகவே கேட்டது.

“ஏழு! நாலு மணி!” என்று ரோசலி கத்தினார். மலை திருப்பிச் சொன்னது.

“பத்து! நட்ட நடு!” என்றார் சிரில்.

ஐந்தாம் எண் அட்டை இறங்கி ஏறியது. அதில் இரண்டு தட்டுகள். ஒன்று நட்ட நடுவில், பத்து. இன்னொன்று நாலு மணிப் பக்கம், ஏழு. ஆறாம் எண் அட்டை இறங்கியது, ஏறியது. ஒன்றுமே இல்லை. பள்ளத்துக்குள்ளிருந்து மேகியின் உள்ளாடை மெதுவாக எழுந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒய்யாரமாக ஆடியது.

“கண்ணைத் திறந்து பாருங்கய்யா!” என்று சிரில் கூவினார். “அங்க ஓட்டை இருக்கு! நான் பாத்தேன்!”

மறுபடி இறக்கிப் பார்த்தார்கள். மறுபடி சிவப்புதான் ஆடியது. அக்காவைச் சீண்டத் திரும்பினவர், திரும்பி வரும்போது ஒரு எண் தள்ளி, அக்காவின் அட்டையைக் குறிபார்த்துவிட்டார் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கடைசியில் அவருக்கும் புரிந்தது. புதிதாக வெட்டின முடிக்குக் கீழே காது இரண்டும் ஃபிளானல் நிறத்துக்கு வந்தன.

பள்ளத்துப் பொறுப்பாளர் கஸ், உள்ளாடையைத் தோளில் போட்டுக்கொண்டு இருநூறு கெஜமும் பாடிக்கொண்டே நடந்து வந்தார். இஸ்திரி மடிப்புக்கு மேல் அது ஏறியது. அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. டெல்மர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தகட்டையும் எழுத்து அச்சுகளையும் எடுத்தார்.

“சட்டப்படி ஒரே அட்டைல ரெண்டு ஓட்டை விழுந்தா பெரிய புள்ளி உனக்குதான் ரோசலி. பத்து. மூணு புள்ளில நீ ஜெயிச்சாச்சு.”

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே ரோசலிக்கு என்னவோ செய்தது. அந்தப் பித்தளையைப் பார்த்தார். எத்தனை அக்டோபர் ஏங்கின தகடு! கை நீட்டினால் கிடைத்துவிடும். சட்டமும் தன் பக்கம்.

“நான் ஏழுன்னு சொன்னேன்” என்றார்.

“சொன்ன. கேட்டேன். ஆனா சட்டம்...”

“அந்தப் பத்து இவன் சுட்டது. அதை நான் வாங்கினேன்னு வை, சாகுற வரைக்கும் கிறிஸ்துமஸ் விருந்துல ‘என் குண்டுல ஜெயிச்சவ’ன்னு சொல்லுவான்.”

“கண்டிப்பா சொல்லுவேன்” என்றார் சிவப்பு உள்ளாடைக்குள் நின்ற சிரில்.

“பாத்தியா? ஏழு போடு டெல்மர். எங்களுக்கு சமம். ஆளுக்கு இன்னொண்ணு சுடுறோம்.”

“பைத்தியமா உனக்கு?” என்றார் கஸ். “கைல வந்ததை விடுற!”

“என் கைலேர்ந்து போனதுதான் எனக்கு வேணும்.”

சிரில் முதலில் சுட்டார். முழங்காலில் ஃபிளானல் படபடக்க, பின்னால் முப்பது பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, அந்த நிலையிலும் ஒன்பது. சூரன் என்று சொன்னேனே, சும்மா சொல்லவில்லை. அவர் சிரிக்காமல் துப்பாக்கியை இறக்கினார். அக்காவைப் பார்க்கவும் இல்லை. இந்த முறை பயந்துவிட்டார்.

ரோசலி ஒற்றைத் தோட்டாவை அழுத்திக் கட்டைவிரலைச் சட்டென்று உருவினார். இரும்பு ஏமாந்து மூடிக்கொண்டது. துப்பாக்கியைத் தோளில் வைத்தார். பலகையில் ஐந்து என்ற எண்ணை ஒருமுறை பார்த்தார், இன்னொரு முறையும் பார்த்தார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். சிரிப்புச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. எங்கோ ஓர் இலை விழுகிற நேரம்.

வெடித்தது.

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். வழக்கமான கூப்பாடு வரவில்லை. “பத்து” என்றார், பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

துப்பாக்கியைத் திறந்து, காலியென்று காட்டி, மேசையில் வைத்தார். அங்கே அட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எர்ல் கோட்டோடு தம்பி முன்னால் மண்டி போட்டார். சிவப்பு உள்ளாடையின் நாடா இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். அட்டை ஏறியிருக்க வேண்டும். பின்னால் முப்பது பேரும் ஒரே குரலில் கூச்சல் போட்டார்கள், டெல்மரின் சுத்தியல் பித்தளையில் முதல் எழுத்தை அடிக்கத் தொடங்கியது. “அக்கா, போட்டி முடிஞ்சிருச்சே, கழட்டணும்ல” என்று சிரில் கெஞ்சினார்.

ரோசலி நிமிராமல், கறுத்த கட்டைவிரலை முடிச்சின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, அதன் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார்.