கடன் முடியும்வரை ஓடவேண்டிய கார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஸ்பானர் பிடித்த இந்தக் கையால்தான் மூன்று ஒர்க்‌ஷாப் கட்டினேன். இன்ஜின் உறுமுவதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். சந்தேகம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் இப்போது சொல்ல வந்தது என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குள் கண்ணாடி பொருத்துகிறவர். அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. என் ஒர்க்‌ஷாப் ஆட்கள் வைத்த பெயர் ‘சைலன்சர்’.

தங்கைக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் முழங்கால் சரியாக மடங்கவில்லை. அவர்களுடைய சின்னக் காருக்குள் அவளை ஏற்றுவது, சந்துக்குள் கட்டிலை நுழைப்பது போல. மாப்பிள்ளை உயரமான கார் ஒன்று வாங்கிவிட்டார். கார் விஷயத்தில் என்னைக் கேட்காமல் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே காரியம் அதுதான். பழைய காரின் கடனே தீரவில்லை. “அதையும் இதுலயே சேத்துக்கலாம் சார்” என்று ஷோரூம்காரன் தேன் தடவிச் சொல்ல, இவர் தலையாட்டியிருக்கிறார். போதாததற்கு முன் சீட்டைக் கழற்றிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பும் சீட் ஒன்றையும் போட்டிருந்தார். தங்கை காலை நீட்டி உட்கார்ந்தபடியே உள்ளே திரும்பிக்கொள்ளலாம்.

பிறகு கடையில் சம்பளத்தைக் குறைத்தார்கள். தவணை கழுத்தைப் பிடித்தது. தங்கை எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, இந்தக் காரை வித்துக் குடுத்துடு. அவருக்குச் சோறே எறங்கல.”

தெரிந்த புரோக்கரை அழைத்துக்கொண்டு போனேன். அவன் அந்தத் திரும்பும் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஒரு விலை சொன்னான். காரும் போய்விடும், கடனில் கால் பங்கும் அப்படியே நிற்கும்.

“மீதியை நான் கட்டறேன் மாப்ளே. உங்க மச்சானுக்கு இதெல்லாம் ஒரு காசா?” என்றேன்.

“வேணாம் மச்சான்.”

“ஏன், எங்கண்ணன் காசு கசக்குதா?” என்று தங்கை பாய்ந்தாள்.

“காசு கசக்கல. வண்டி போயிட்டா நீ எப்படி வெளிய போவே?”

“நான் எங்க போறேன்? ஆஸ்பத்திரிக்குத்தானே? ஏதோ ஒரு வாடகை வண்டியில போயிக்கிறேன்.”

“அன்னிக்குப் பாலத்துக்கிட்ட நிறுத்தச் சொன்னியே. சீட்டைத் திருப்பிக்கிட்டு, தண்ணியைப் பாத்துக்கிட்டே பாடுனியே. ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நீ பாடினே.”

“அண்ணன் முன்னாடி இதையெல்லாமா சொல்லுவாங்க!” அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் புரோக்கரை அனுப்பிவிட்டேன். எனக்குப் புரிந்த கணக்கு ஒன்றுதான். விற்றால்தான் விலை குறைந்த வருத்தம். விற்காமல் கடன் தீரும்வரை ஓட்டினால் சந்தை விலை என்னவானால் நமக்கென்ன?

மறுநாள் நானும் மாப்பிள்ளையுமாக ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போனோம். தவணைக் காலத்தை நீட்டி, மாதத் தொகையைக் குறைக்கச் சொன்னோம். வட்டி கூடத்தான் செய்யும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். அங்கே இருந்த பொண்ணு, “அதுவரைக்கும் வண்டி ஓடுமா சார்?” என்று கேட்டாள். என்னிடம் கேட்கிற கேள்வியா அது!

“ஓட வைக்கிறது என் பொறுப்பும்மா. ஆயில் மாத்தறதுலேர்ந்து பிரேக் வரைக்கும் என் ஒர்க்‌ஷாப்லதான். கூலி கிடையாது.”

“பார்ட்ஸ் காசு நான் குடுப்பேன்” என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு தடவை மட்டும் அவர் குரல் கவுண்டர் முழுக்கக் கேட்டது.

அன்று சாயங்காலம் அவர்கள் வெளியே கிளம்பும்போது நானே போய்த் தங்கையைக் காரில் ஏற்றினேன். அவள் சீட்டில் உட்கார்ந்து உள்பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்திவிட்டேன்.

“மெதுவாண்ணே! இன்னும் எத்தனை வருஷத்துக்கு வேணும் இது.”