சுல்தானின் வாப்பா

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு, நுனிக்காலில் குருவிக் கூட்டை நெருங்குகிறார் ஜமால்தீன். "வாப்பா வந்திட்டன் மகன்" என்று கிசுகிசுக்கிறார்.

திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். மேலிருந்து அவர் ஏசினால், இறங்குதுறையில் சம்பந்தமில்லாமல் நிற்பவர்களும் தாங்கள் என்ன பிழை செய்தோமென்று ஒரு கணம் யோசிப்பார்கள். அந்தத் தொண்டைதான் சுல்தான் என்ற விரல் நீளப் பிஞ்ச் குருவிக்கு முன்னால் பஞ்சாகிவிடுகிறது.

வீட்டில் சட்டம் கடுமை. கதவு அறையக்கூடாது. தும்மல் வந்தால் வெளியே வளவுக்குப் போகவேண்டும். அவர் மனைவி ஸுல்பிகா குக்கரைக் கொல்லைப்புறத்தில் வைத்துத்தான் பருப்பு அவிக்கிறார்.

குருவி வளர்ப்பில் ஜமால்தீன் பெரிய பிரசங்கி. "பன்ரெண்டாம் நாள் கூட்டில இருந்து எடுக்கோணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரை தீத்தோணும். கை மாறப்படாது. தீத்துற கையத்தான் அது தாயெண்டு நினைக்கும்" என்பார் தேநீர்க்கடையில். காலை ஆறு மணி தொடக்கம் பின்னேரம் நாலு மணி வரை அந்தரத்தில் இருக்கிறவரின் கை இரண்டு மணிக்கொருதரம் வீட்டுக்கு எப்படி நீள்கிறது என்று எவரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு பழைய போனில் தன் குரலைப் பதிவுசெய்து, அதைக் கூட்டருகே ஓடவிட்டுத்தான் வேலைக்குப் போவார்: "சுல்தான், வா மகன்." அவர் வாசல் படலையைத் தாண்டியதும் ஸுல்பிகா அதை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிடுவார்.

"உங்கட சத்தத்துக்கு அது வாயத் துறக்குதில்ல" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"உனக்குக் குருவிட மனசு விளங்காது புள்ள."

பிறகு ஸுல்பிகா அதைச் சொல்லவில்லை. முட்டை மஞ்சட்கருவையும் ஊறிய தினையையும் தேநீர்க் கோப்பையில் போட்டு, கரண்டியால் கிணுகிணுவென்று அடித்துக் கலக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துத் தீத்தினார்.

குருவி வளர்க்கும் தோப்பூர் கலீலுர் றஹ்மானிடம் ஒரு கோல்டியன் பிஞ்ச் சோடி இருந்தது. வர்ணப் பெட்டிக்குள் விழுந்து எழும்பியது போன்ற குருவிகள். இரண்டு வருடமாக ஜமால்தீனின் கண் அதன்மேல்தான். "வளக்கிற குருவி கூப்பிட்டாக் கைக்கு வாற ஆளுக்குச் சும்மாவே தருவன். வராட்டி அடுத்த தரம் இந்தக் கதையே வேணாம்" என்று றஹ்மான் சொல்லியிருந்தார். போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, சோடியைக் கூட்டோடு ஜமால்தீன் வீட்டுக்குத் தூக்கிவந்து கதிரையில் அமர்ந்தார்.

ஜமால்தீன் கூட்டைத் திறந்தார். சுல்தான் நேரே பறந்துபோய் யன்னல் சீலைக் கம்பியில் குந்தியது.

"வா மகன்."

அது சிறகைக் கோதியது.

"வாப்பாட தங்கமெல்லா, வா."

எச்சமிட்டது. மூன்றாம் தரம் கிரேன் குரல் அவரை அறியாமலே வெளியே வந்துவிட்டது: "வாடா இஞ்ச!" குருவி கம்பியின் மறு நுனிக்குத் தாவியது.

"மகன் வாப்பாவ அடையாளம் காணல்ல போல" என்றார் றஹ்மான்.

"புது ஆளக் கண்ட வெக்கம், றஹ்மான் நானா."

அந்நேரம் ஸுல்பிகா குசினியிலிருந்து தேநீர் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார். சீனி அடியில் கிடந்ததால் கரண்டியைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கினார். கிணுக் என்றதுதான் தாமதம், சுல்தான் பாய்ந்து வந்து அவருடைய மணிக்கட்டில் இறங்கி, கழுத்தைச் சரித்து, வாயைப் பிளந்தது.

"இப்பதானே தீத்தினனான்! வயிறா, வாளியா உனக்கு?" என்று அவர் குருவியைக் கேட்டார்.

றஹ்மான் எழும்பி, கோல்டியன் கூட்டை ஜமால்தீனைத் தாண்டிக் கொண்டுபோய் ஸுல்பிகாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "பிடிங்க தங்கச்சி. கை மாறப்படாதெண்டு ஜமால்தீன்தானே சொன்னவர்."

ஜமால்தீன் கோப்பையிலிருந்த கரண்டியை எடுத்தார், உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.