தேவலைங்க என்று சொன்ன ஊர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் நான் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தேன். அந்த வருஷம் மழை விட்டதும் வீட்டுக்கு வீடு முறைக்காய்ச்சல். ஒரு நாள் நடுக்கி எடுக்கும், மறுநாள் ஒன்றுமே இல்லாததுபோல விட்டுவிடும். அதற்குக் கேட்கிற ஒரே மருந்து கொய்னா. அதெல்லாம் பட்டாளத்துக்கே போய்விட்டதால் எங்கள் பக்கம் வரவே இல்லை.

அப்போதுதான் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்தார். சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்கிறவர். பிள்ளைகளே, நீங்கள் இப்போது பல்கலைக்கழகம் என்கிறீர்களே, அதுதான். கொய்னாவுக்குப் பதிலாக ஏதோ மரப்பட்டையிலிருந்து மாத்திரை செய்து, அது கேட்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். என் கடையின் பின்னறையில்தான் தங்கினார். அவரை வீடு வீடாக அழைத்துப் போவது என் வேலை. அதில் எனக்கு ஏகப் பெருமை.

வெயிலில் நடந்து வந்து, "காய்ச்சல் எப்படி இருக்குங்க?" என்று கேட்பார். பாயில் சோர்ந்து கிடப்பவர்கூட எழுந்து உட்கார்ந்து, "தேவலைங்க. மோர் குடிக்கிறீங்களா?" என்பார். இவ்வளவு தூரம் நம்மைத் தேடி வந்தவரிடம், உங்கள் மருந்து கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கும் காய்ச்சல் இருந்தது. நானும் தேவலை என்றுதான் சொன்னேன்.

ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற ஒரு பெண் மட்டும், "கேக்கலைங்க. நேத்தும் புள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் தராசையே ஓயாமல் குறை சொல்பவள் அவள். "ஐயா, அது எதுலயும் குத்தம் சொல்லும். புள்ளை வெளையாடுனதை நானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டேன். பார்த்தேனா? இல்லை. அவர் என்னை நம்பி அடுத்த வீட்டுக்கு நடந்தார். நான் பின்தங்கி அவளிடம், "வந்த மனுசர்கிட்ட இப்பிடியா மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுறது?" என்று கடிந்துவிட்டு வேறு வந்தேன்.

அடுத்த முறை காய்ச்சல் கண்டபோது, அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கே ஓடி வந்தாள். குழந்தைக்குக் கண் செருகியிருந்தது.

"தராசுலதான் பொய்யின்னு நெனச்சேன். எம்புள்ள காய்ச்சல்லயுமா பொய் சொல்லுவீங்க?"

சாமான் வாங்க நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர் பின்னறையிலிருந்து வந்து குழந்தையைத் தொட்டார். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து வந்தார். கொய்னா!

"என் மாத்திரை கேக்காதவங்களுக்குக் குடுக்கத்தான் இது. கொய்னா இருக்குன்னு முன்னாடியே சொன்னா, அதுக்கு ஆசைப்பட்டு எல்லாரும் கேக்கலைன்னுதான் சொல்வாங்கன்னு மறைச்சு வச்சிருந்தேன்" என்றார். பிறகு என் கழுத்தில் கை வைத்துப் பார்த்து, "உங்களுக்கும் அடிக்குதே!" என்றார்.

"லேசாத்தாங்க" என்றேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

குழந்தை தெளிந்து கஞ்சி கேட்ட பிறகு, அவர் மறுபடி வீடு வீடாகப் போனார். என்னைக் கூப்பிடவில்லை; அவளைத்தான் அழைத்துக்கொண்டார். "சும்மா தேவலை தேவலைங்காதீங்க. உள்ளதச் சொல்லுங்க" என்று அவள் ஒவ்வொரு வாசலிலும் போட்ட சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. அந்த மாத்திரை அநேகமாக யாருக்குமே கேட்கவில்லை.

இருந்த கொய்னாவை ரொம்ப முடியாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறினார். கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க பேச்சை நம்பி அந்த மாத்திரையையே ஊர் ஊராக் குடுத்திருப்பேங்க" என்று மட்டும் சொன்னார். இன்னொரு மருந்தைத் தேட வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வந்து, "அண்ணே, உப்புப் போடுங்க" என்றாள். தராசு முள்ளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் குனிந்துகொண்டேன்.

இப்போதும் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "தேவலைங்க" என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிடும். ஆனால் தாயின் தோளில் துவண்டு கிடந்த அந்தச் சின்னத் தலை கண்ணில் தெரிய, அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.