சாத்துக்குடியில் இறங்காத குல்லா

என் மேசைமேல், நேற்று பூங்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சாத்துக்குடி இருக்கிறது. பக்கத்தில், தளர்வாகச் சுற்றிய மஞ்சள் நூல்கண்டு. பழத்தைப் பிழிந்துவிடவா என்று மனைவி காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பொறு என்கிறேன். இந்த இரண்டையும் பார்க்கும்போதெல்லாம் செயலாளர் மாமியின் முகம்தான் வருகிறது.

நான் தி.நகரில் புடவைக்கடை ஆள். ஒருமுறை கை முறிந்து கட்டுப் பிரித்தபோது, விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். மனைவி ஊசியையும் நூலையும் கையில் திணித்து, ஞாயிறு காலைகளில் மயிலாப்பூர்ப் பூங்காவில் கூடும் குல்லா பின்னும் தன் நிட்டிங் கூட்டத்துக்கு இழுத்துப் போனாள். மெட்ராஸ் வெயிலில் யாருக்கு ஐயா குல்லா என்று கடையில் ஒரே கேலி. மாதம் நிறையும் முன்பே பிறந்துவிடும் குழந்தைகளுக்கு. உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவற்றுக்குத் தெம்பு கிடையாது. அப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ்தான் கூட்டத்தை ஆரம்பித்தவர். அவரை எல்லோரும் சிஸ்டர் என்போம். அளவு பார்க்க அவர் கொண்டுவருவது ஒரு பெரிய சாத்துக்குடி. முடித்த குல்லாவைப் பழத்தின்மேல் வைத்தால், இழுக்காமல் தானாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால், பின்னியவர் யாராக இருந்தாலும் அங்கேயே பிரித்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அந்த நூலைச் சுற்றித் தர வேண்டும். ஒரு மனிதத் தலை இவ்வளவு சின்னதாகவா இருக்கும் என்று முதல் நாள் அந்தப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? குப்பை வண்டி, குடிதண்ணீர், தெருநாய் என்று ஊர்ப் பஞ்சாயத்து முழுவதும் அங்கே ஓடும். அதில் மாமியின் குரல் தனியாகக் கேட்கும். தெருக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கண்டிப்பான மனுஷி. ஆனால் அவர் பின்னல் பூப்போல இருக்கும். அவருடைய குல்லா ஒன்றுகூட அதுவரை பிரிபட்டு நான் பார்த்ததில்லை.

நான் சேர்ந்த வருஷம் மாமியின் தெருவில் நடைபாதையைப் புதிதாகப் போட்டார்கள். மூலையில் வெகுகாலமாக மீன் விற்றுவந்த பட்டினப்பாக்கம் மீனவர் குப்பத்து அம்மாவை இனி அங்கே உட்கார விடக்கூடாது என்று மாமி மனு எழுதி, தெருவில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த அம்மாவிடம் மீன் வாங்குகிறவர்கள். பேச்சு சூடாகிவிட்டது. "அவளைப் பத்திப் பேசறோம், அவ இல்லாம பேசறது நல்லா இல்ல" என்று சொன்ன சிஸ்டர் அடுத்த ஞாயிறு மீன்காரம்மாவையே அழைத்து வந்து, வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன், மாமிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நான் எங்க மாமி போவேன்? எங்க ஏரியால வீட்டுக்கு வீடு மீனு கீது. அங்க கட போட்டா யாரு வாங்குவாங்க?"

மாமி தலை நிமிரவில்லை. விறுவிறுவென்று ஊசி ஓடியது. "நீ ஐஸ் தண்ணிய நடைபாதையில கொட்டினே. எங்காத்துக்காரர் வழுக்கி விழுந்து இன்னும் கோலை ஊணிண்டு நடக்கறார். அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"ஐயோ, அது என் தண்ணியா? எனுக்கு யாரும் சொல்லலியே."

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமி குல்லாவை முடித்தார். முடித்ததைத் தாமே பழத்தின்மேல் வைத்தார். அது உச்சியிலேயே நின்றுவிட்டது. பின்னலில் கண்ணி ஒவ்வொன்றும் அப்படி இறுகிக் கிடந்தது. அவர் மெல்ல இழுத்து இறக்கியிருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். அவரோ குல்லாவை எடுத்து ஒருமுறை பார்த்தார். "கோவத்துல இறுக்கிட்டேன். இது குழந்தை தலையை நசுக்கிடும்" என்று சொல்லிவிட்டு நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

நூலைச் சுற்ற வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர். அது மீன்காரம்மா. வழக்கம் தெரியாமல் அவர் வெடுக்வெடுக்கென்று சுற்றினார்.

"இறுக்கிச் சுத்தாதே. நூல் வீணாப் போயிடும்."

"நீங்க மட்டும் இறுக்கலாமா மாமி?"

மாமிதான் முதலில் சிரித்தார். பிறகு ஒருவர் இழுக்க ஒருவர் சுற்ற, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே உட்கார்ந்தால் சாக்கடையில் விழும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். குல்லா முழுவதும் நூலாகி முடிந்தபோது, பழைய மனுவும் முடிந்துபோயிருந்தது.

மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு மாமி புது மனுவோடு போனார். மூலையைத் தாண்டிச் சுவரோரமாக மீன்காரம்மாவுக்கு ஓர் இடம், தண்ணீர் போக ஒரு சிறு வடிகால். அதிகாரி வரும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து குல்லா பின்னினார். அதிகாரி வராத நாட்களிலும் பின்னினார். கடைசியில் இடம் கிடைத்தது. தெருக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. மீன் வாடையே ஆகாத மாமி மீன்காரிக்கு வக்காலத்தா என்று, அடுத்த தேர்தலில் பதவியைப் பறித்துவிட்டார்கள். "போகட்டும், பின்ன நேரம் கிடைச்சுது" என்றார் மாமி. எங்களுக்கு அவர் கடைசிவரை செயலாளர் மாமிதான். தான் கையெழுத்து வாங்கிய அத்தனை வீட்டுக்கும் திரும்ப ஏறி இறங்கி, நான் நினைத்தது தப்பு என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வாடிக்கையாளரிடம் விலை தப்பாகச் சொன்னால்கூட நான் சாதிக்கிறவன். இன்றும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மீன்காரம்மா அதன்பிறகு ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை. நூல் சுற்ற வந்தவர் மாமியின் பக்கத்திலேயே இருந்து பின்னவும் பழகிக்கொண்டார். அளவு பார்க்கும் சாத்துக்குடியைக் கொண்டுவருவதும் அவரே. கூட்டம் முடிந்ததும், "அய்யாவுக்குப் புழிஞ்சி குடுங்க" என்று அதை மாமியிடம் தந்துவிடுவார்.

போன வாரம் மாமி கண்ணை மூடிவிட்டார். நேற்று ஞாயிறு. வழக்கம்போல மீன்காரம்மா பழத்தோடு வந்தார். தலை நிமிராமல் ஒரு மஞ்சள் குல்லாவைப் பின்னி முடித்துப் பழத்தின்மேல் வைத்தார். உச்சியிலேயே நின்றுவிட்டது. அவர் நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். மாமியின் இடத்தில் போய் உட்கார்ந்து, இறுக்காமல், நான் நூலைச் சுற்றினேன்.