காலையில் மட்டும் இறங்காத கிளட்ச்

எங்கள் பழைய ஜீப் அந்த மார்கழியில் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கிணத்துக்கடவு தோப்பில் விடியும்போதே தேங்காய் போட ஆட்கள் வந்து நிற்பார்கள். நானோ வீட்டு வாசலிலேயே கிளட்சை மிதித்துக்கொண்டு கிடப்பேன். கல்லை மிதிப்பது போலிருக்கும், இறங்கவே இறங்காது. வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல வழிக்கு வந்துவிடும். மெக்கானிக் வரும் நேரமும் அதுதான். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வண்டியில் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. பெடலை மிதித்தால் ஒரு சின்ன சிலிண்டரில் இருக்கும் ஆயில் குழாய் வழியாகப் போய், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். அது கிளட்சை விலக்கும். ஆயில் நகர்ந்தால்தான் எல்லாம் நகரும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், பனியோடு பானட்டைத் தூக்கி ஆயில் டப்பாவைத் திறந்தேன். உள்ளே வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்!

"ஏனுங்க, இதுல என்னத்த ஊத்துனீங்க?" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் பல் துலக்கியபடியே வந்தார். "ஆயில் கொறஞ்சுட்டே இருந்துது அம்மணி. நம்ம எண்ணெயத்தான் அப்பப்ப ஊத்திவுட்டேன்."

"அது உள்ள இருக்கற ரப்பரையெல்லாம் ஊதவெச்சுபோடுமுங்க!"

அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாரு, எப்பிடி ஒறஞ்சிருக்குது! துளி கலப்படமில்ல."