ஒரு வரியில் இறங்கிய பிரஷர்

எங்கள் வீட்டு ஹால் சுவர் வெள்ளையாம். போன செவ்வாய்க்கிழமைதான் தெரியும். மூன்று வருஷமாக அது மஞ்சள் என்று நினைத்துப் பெயிண்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான் — வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. சிதம்பரத்தில். இருபது நிமிஷ வேலை. ஆனால் அந்த இருபது நிமிஷத்துக்குப் போய்ச் சேர, கடலூரிலிருந்து மூன்று முறை பஸ் ஏற வேண்டியிருந்தது.

காரணம் பிரஷர்.

வீட்டில் பார்த்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். ஆஸ்பத்திரி வாசனை பட்டால் போதும்... நூற்றுத் தொண்ணூறு. மாத்திரையை மாற்றிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். போனேன். நூற்றுத் தொண்ணூற்றைந்து. முன்னேற்றம்தான், திசைதான் தப்பு.

இந்த முறை டாக்டர் சிரிக்கவில்லை. "புரை நல்லா முத்திடுச்சி சார். அடுத்த தடவையும் எறங்கலைன்னா பாண்டிச்சேரி போயி ஹார்ட் டெஸ்ட்டுலாம் முடிச்சிட்டுதான் வரணும். அதுக்குள்ள கண்ணு இன்னா ஆவும்னு நான் கேரண்டி தர முடியாது" என்றார்.

என் இடது கண் சின்ன வயசிலிருந்தே சுமார். படித்தது, எழுதியது, இந்தப் பத்தியில் உங்களோடு வாராவாரம் வம்பளப்பது எல்லாம் வலது கண் தயவில்தான். அதுவும் போனால்? உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். சோறு இறங்காத பயம்.

பயந்த கிறிஸ்தவன் என்ன செய்வான்? வேதத்தை எடுப்பான். எடுத்தேன். என் கோளாறே அங்கேதான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷப் பிறப்பன்று எல்லாருக்கும் ஒரு அட்டவணை கொடுப்பார்கள். தினமும் இத்தனை அதிகாரம் என்று படித்தால் டிசம்பருக்குள் வேதம் முழுவதும் முடிந்துவிடும். முடித்தவர்களை முன்னால் கூப்பிட்டு, கைதட்டி, ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம். என் வீட்டில் எட்டு கடிகாரம் இருக்கிறது. எட்டும் எட்டு நேரம் காட்டும். நான் வாசிக்கிற வேகம் அப்படி — பாயிண்ட் டு பாயிண்ட் பஸ், நடுவில் எங்கும் நிற்காது.

ஆகவே நர்ஸ் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியதும், வேதத்தில் மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களை வரிசையாக ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவேன். வாய்விட்டு, மூச்சுவிடாமல். எத்தனை வசனம் சொல்கிறேனோ அத்தனை பாயிண்ட் இறங்கும் என்பது என் கணக்கு. முதல் இரண்டு முறையும் இருந்த நர்ஸ், ஐயா பக்தியாக இருக்கிறாரே என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது முறை வந்தவர் சிவகாமி. சிதம்பரம் கீழ வீதிப் பெண், முப்பது வயசு இருக்கும். பட்டையைச் சுற்றிவிட்டு, காற்றடிக்கப் போனவர் அப்படியே நிறுத்தினார்.

"சார், இன்னா பண்றீங்க?"

"ஜெபம்மா. வசனம் சொல்றேன்."

"இது வசனமா சார்? ஏலம் போட்ற மாதிரி இருக்குது. சும்மா பேசினாலே பிரஷர் ஏறும். நீங்க பேசக்கூட இல்ல, ஓட்றீங்க."

பக்கத்து ஸ்டூலில் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் என் மனைவி எஸ்தர். "முப்பது வருஷமா நானும் அதான்மா சொல்றேன். பொறுமையா இருங்க, பொறுமையா இருங்கன்னு" என்றாள், யாரும் கேட்காமலே.

சிவகாமி பட்டையை அவிழ்த்தார். "எங்கப்பா தெனம் காலைல கோயிலுக்குப் போவாரு சார். பதிகம் மொத்தமும் தெரியும். ஆனா ஒரு வரியிலயே நின்னுடுவாரு. கேட்டா, அது இன்னும் உள்ள எறங்கலம்மாம்பாரு. நீங்களும் உங்க வசனத்துல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. வாயைத் தொறக்காதீங்க. பத்து நிமிஷம் கழிச்சி வரேன்."

பத்து நிமிஷம் ஒரே வரியா? அந்த நேரத்தில் நான் ஆறு அதிகாரம் தாண்டியிருப்பேனே... ஆனால் கண் பயம் யாரை விட்டது? கண்ணை மூடினேன்.

மேய்ப்பர் ஆட்டைத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போகிற வரியை எடுத்துக்கொண்டேன். மனசு உடனே அடுத்த வரிக்குத் தாவியது. இழுத்து வந்தேன். மறுபடி தாவியது, மறுபடி இழுத்தேன். அப்புறம் காலையில் பஸ் ஜன்னலில் பார்த்த வெள்ளாறு நினைவுக்கு வந்தது. காற்றே இல்லாமல் அசையாமல் கிடந்தது. அதன் கரையில் ஒரு ஆட்டை நிறுத்திப் பார்த்தேன். ஆடு என்ன செய்யும்? குனியும். குனிந்தால்தானே குடிக்க முடியும்? ஓடிக்கொண்டே தண்ணீர் குடித்த ஆட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அட கர்த்தாவே... எட்டு வருஷமாக அந்தக் கரையில் நான் ஓட்டப்பந்தயம் அல்லவா ஓடியிருக்கிறேன்! ஒரு வாய் குடித்ததில்லை. மேய்ப்பரோ அவசரமே இல்லாமல் பக்கத்தில் நிற்கிறார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே நின்றுகொண்டு குதித்த பயம், உட்கார்ந்துவிட்டது.

எப்போது பட்டையைச் சுற்றினார், எப்போது காற்றடித்தார் என்றே தெரியவில்லை.

"நூத்தி நாப்பத்திரெண்டு. அப்பிடியே இருங்க சார். அசையாதீங்க. நான் ஓடிப்போயி டாக்டரைக் கூட்டியாறேன்."

மாத்திரையை நிறுத்திவிட்டு வசனத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள். மாத்திரை தினமும் போடுகிறேன். புரையை எடுத்தது டாக்டர்தான். ஆனால் எனக்கு இன்னொரு வியாதி இருந்தது — ஆண்டவரிடம்கூட நிற்காமல் ஓடுகிற வியாதி. அதற்கு எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மாத்திரை கிடையாது. அசைபோட்டால்தான் குணமாகிறது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம், வெளிச்சம், அப்புறம் எஸ்தரின் கை. பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்த கை.

"தெரியுதாங்க?"

"தெரியுது. ஏன் பையை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க?"

அவள் பையை இன்னொரு கைக்கு மாற்றினாள். சிவகாமி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பட்டையை எடுத்து அவள் கையில் சுற்றினார். நூற்று எண்பத்து நான்கு.

"பயமா இருந்திச்சிங்க. சொன்னா உங்களுக்கு ஏறிடும்னுதான் சொல்லல" என்றாள்.

ஒன்றரை மாசமாக ஊரே என் கண்ணைப் பார்த்தது. என் கண் அவளைப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுமை சொல்லிச் சொல்லியே தன் பயத்தையெல்லாம் அவள் விழுங்கியிருக்கிறாள்.

இப்போது அவளுக்கும் மாத்திரை. சாயங்காலம் காபி குடித்ததும் இரண்டு பேரும் ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்காருகிறோம். அவள் பிரஷர் மெதுவாக இறங்குகிறது, எனக்கும் அவசரமில்லை.

உங்கள் வீட்டிலும் பிரஷர் மெஷின் இருக்கும். "பயப்படாதீங்க" என்று சொல்கிறவர் கையிலும் ஒருமுறை அதைக் கட்டிப் பாருங்கள்.