நானூறு என்று சொல்லும் பொத்தான்

எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவனுக்குப் பழக்கம் போகாது. ஓய்வு பெற்ற பின்னும் காய்கறிக் கடைத் தராசில் முதலில் முத்திரையைத்தான் தேடுவேன். கத்தரிக்காய் சொத்தையா என்பதை மனைவி பார்த்துக்கொள்வாள்.

சென்ற கோடையில் அவளுக்குக் காலைதோறும் தலைவலி. கண், ரத்த அழுத்தம் எல்லாம் சரி என்று ஆர்.எஸ்.புரம் டாக்டர் சொல்லிவிட்டார். கொசுவுக்கும் தோண்டிப் போட்ட சாலையின் புழுதிக்கும் பயந்து, படுக்கையறை ஜன்னல்களைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம். விட்ட மூச்சே அறைக்குள் சேர்கிறதோ என்று மகன் ஒரு சின்னக் கருவி அனுப்பினான். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று எண்ணில் காட்டும். எங்கள் அறையில் ஆயிரத்துக்கு மேல் காட்டியது.

சரிபார்க்காத கருவியை நம்பி நான் எந்தக் கடைக்கும் நோட்டீஸ் கொடுத்ததில்லை. கையேட்டைப் படித்தேன். திறந்த வெளியில் வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அங்குள்ள காற்றைப் பத்து லட்சத்தில் நானூறு பங்கு என்று அது எடுத்துக்கொள்ளும். மொட்டை மாடிக்குப் போனேன். கருவி நானூற்றுச் சொச்சம் காட்டியது. விரல் பொத்தான்மேல் நின்றுவிட்டது. உலகத்துக் காற்றே நானூறைத் தாண்டி வருடங்களாகின்றன, இன்னும் ஏறுகிறது. எங்கள் அலுவலகத்தில் மூல எடைக்கல்லை வெல்வெட் பெட்டியில் வைத்து இடுக்கியால் எடுப்போம், விரல் அழுக்குப் பட்டு எடை கூடிவிடும் என்று. இங்கே மூலக்கல்லே வருடாவருடம் பருக்கிறது.

பொத்தானை அழுத்தாமலே கீழே வந்து, இதை அளவென்று ஏற்க முடியாது என்றேன்.

"ஏனுங்க, தலை வலிக்கறது எனக்கு. அந்தப் பொட்டிக்கு நீங்க முத்திரை குத்தற வரைக்கும் பொறுக்கோணுமாக்கும்?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்குது அம்மணி."

"அதைய நீங்களே தலைக்கு வெச்சுப் படுத்துக்குங்க."

இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்துவிட்டாள். எண் மளமளவென்று இறங்கியது. முத்திரையில்லாத தராசானாலும் எது கனம் என்று சொல்லிவிடும், ஒப்புக்கொண்டேன். மாடியில் காட்டிய எண்ணுக்கு வந்து நின்றது.

"நின்னுபோச்சுங்களா?"

"வெளிக்காத்தே அவ்வளவு. அதுக்குக் கீழ போகாது."

"வெளியவே ஏறீட்டு இருந்தா, அப்புறம் எந்த ஜன்னலத் தொறக்கறதுங்க?"

கையேட்டை மறுபடி புரட்டினேன். அதற்கு நடைமுறை போட்டிருக்கவில்லை.

அன்றிரவு ஜன்னல்களைச் சாத்தவில்லை. காலையில் கை, கழுத்தெல்லாம் சொறிந்தபடி எழுந்தாள். "தலைவலி இல்லீங்க. கொசுதான் புடுங்கிப்போட்டுது."

கொசுவலை அடிக்கிறவரைக் கூப்பிட்டேன். ஜன்னல் அளவை மட்டும் நானே எடுத்து வைத்தேன். அவர் டேப்பில் முத்திரை இருக்குமா என்பது சந்தேகம்.